நான் துடைக்காத மஞ்சள் புள்ளடி

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பேரை வளர்த்தேன். பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். கையெழுத்து வைப்பேன், கோயில் அறிவித்தலை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அதற்கு மேல் என்னிடம் எழுத்து இல்லை. ஆனால் துப்புரவு வேலையில் என்னைக் குறை சொன்ன ஆள் டென்மார்க்கில் இல்லை. நான் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம். அப்படிப்பட்ட நான் ஒரு சுவரில் ஓரிடத்தை மட்டும் வேண்டுமென்றே ஆண்டுக்கணக்காகத் துடைக்காமல் விட்டேன். அந்த இடத்தில் பெருவிரல் அகலத்தில் ஒரு மஞ்சள் புள்ளடி, வாக்குச்சீட்டில் போடுகிற மாதிரி ஒரு பெருக்கல் குறி, இருந்தது. நிலத்துக்கு அடியில், விமானப்படையின் பழைய கட்டளை நிலையத்தில், பகல் எது இரவு எது என்று தெரியாத ஒரு நீண்ட நடைவழியின் கடைசியில், முழங்கால் உயரத்தில் இருந்தது. மெழுகுப் பென்சிலால் போட்டது. வெந்நீரில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். சுவர் முழுவதையும் கழுவிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் கையை நிறுத்தி, மை தீட்டிய குழந்தையின் முகத்தைக் கழுவுகிற மாதிரி, அதைச் சுற்றித் துணியின் நுனியால் ஒற்றி எடுப்பேன்.

அதைப் போட்டவரைப் பற்றியும், யாருக்காகப் போட்டார் என்பதைப் பற்றியும் இந்த வயதில் ஏன் சொல்ல வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகளின் மகள் எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போனவள். அந்த அழுகைக்கு இன்றைக்கு ஒரு பலன்.

நாங்கள் இருக்கிற பட்டணமான ஸ்கீவவிலிருந்து தெற்கே போனால் ஊசியிலைக் காடும், கோடை முடிகிற நேரம் ஊதா நிறத்தில் பூக்கிற பற்றைவெளியும் வரும். அதற்குள்ளே விமானப்படைக்குச் சொந்தமான நிலம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் ஒரு பெரிய பண்ணைவீடு மாதிரித்தான் தெரியும். கிட்டப் போனால்தான் அதன் யன்னல்கள் சுவரில் தீட்டிய யன்னல்கள் என்பதும், புகைபோக்கி கீழே இருப்பவர்களுக்குக் காற்று எடுக்கிற குழாய் என்பதும் தெரியும். மேலே பறக்கிறவனை ஏமாற்ற, உலகப் போர்க்காலத்தில் ஜேர்மன்காரர் செய்த வேலை. நாங்கள் அகதியாக வந்து, எங்களை ஸ்கீவவில் இருத்தி, என் கணவர் இறைச்சித் தொழிற்சாலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போகத் தொடங்கிய பிறகு, எனக்கு அந்த இடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. அதற்கு முதல் பொலிஸ் என்னைப் பற்றி எல்லாம் விசாரித்து, ஆபத்தில்லாத ஆள் என்று எழுதிக் கொடுத்தது. என் கணவர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பன்." அவர் போய்ச் சேர்ந்து இப்போது நெடுங்காலம். அந்தப் பகிடி மட்டும் எங்கள் குசினியில் இன்னும் கிடக்கிறது.

கீழே இறங்குகிற வழி நேராகப் போகாது. கொஞ்சத் தூரம் போய் ஒரு வளைவு வளைந்துதான் இரும்புக் கதவுக்கு வரும். முதல் நாள் அந்த வளைவில் நான் நின்றுவிட்டேன். எங்கள் ஊரிலும் பங்கர் வெட்டுகிறவர்கள் நேராக வெட்டமாட்டார்கள், 'ட' எழுத்து மாதிரித்தான் வெட்டுவார்கள். வாசலில் குண்டு விழுந்தால் துண்டுகள் நேரே உள்ளே வராமல் மடக்கில் அடிபட்டு நிற்கும். எங்களுக்கு அதை யாரும் படிப்பித்ததில்லை, செத்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஜேர்மன்காரரும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மற்றபடி இரண்டுக்கும் ஒப்பே இல்லை. இந்த நிலையத்தில் சுவர் என்பது ஒரு ஆள் குறுக்கே படுத்தாலும் மிஞ்சுகிற தடிப்பு. உள்ளே அறைக்குள் அறை, சமைக்கக் குசினி, படுக்கை, மருந்தறை, குடிக்கத் தனித் தண்ணீர். எங்கும் ஓயாத ஒரு இரைச்சல். அது காற்றை உள்ளே இழுக்கிற விசிறிகளின் சத்தம், காதில் கேட்பதை விட நெஞ்சில்தான் கூடுதலாகக் கேட்கும்.

வேலைக்குப் போன முதல் மாதத்தில் ஒரு காலை, நடைவழியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெளிச்சம் போனது. விசிறிச் சத்தமும் அடியோடு நின்றது. பிறகு எங்கேயோ கீழே பெரிய இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்த உறுமல் எனக்கு வேறு சத்தம். வெளிச்சம் திரும்பி வந்தபோது நான் குப்புறக் கிடந்தேன். இரண்டு காதையும் பொத்தி, நெஞ்சு தரையில் படாமல் முழங்கையை ஊன்றி, துடைக்கிற துணியை வாயில் கடித்தபடி. எங்கள் ஊரில் குண்டு போடுகிற பொம்மர் பதிந்து வருகிற நேரம் சின்னப் பிள்ளையும் அப்படித்தான் கிடக்கும். அங்கே ஒருவர் நின்றார். நீல மேலங்கி, நரைத்த மீசை, கையில் டோர்ச். ஓடிவந்து தூக்கவும் இல்லை, என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. கொஞ்சம் தள்ளி, நான் துடைத்த ஈரத் தரையிலேயே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். நான் எழும்பும் வரைக்கும் எழும்பவில்லை. எழும்பின பிறகு அவருடைய காற்சட்டையின் பின்பக்கம் நனைந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு வந்த வெட்கத்தில் பாதி போய்விட்டது.

அவர் அந்த நிலையத்தின் இயந்திரங்களுக்குப் பொறுப்பானவர். காற்று, மின்சாரம், தண்ணீர் மூன்றும் அவர் கையில். டெனிஸில் அவருடைய பதவிக்குப் பெயர் மஸ்கீன்மெஸ்டர். அந்தப் பெயரில் பாதியை எடுத்து நான் மாஸ்ரர் என்று கூப்பிட்டேன். எங்கள் ஊரில் மாஸ்ரர் என்றால் பிரம்பு வைத்திருப்பவர் என்று சொன்னேன். தனக்கு ஸ்பானர்தான் இருக்கிறது, போதுமா என்று கேட்டார். அன்றையிலிருந்து மின்சாரச் சோதனை வைப்பதற்கு முதல் என்னைத் தேடி வந்து சொல்லிவிட்டுத்தான் வைப்பார். நான் எந்த மூலையில் நின்றாலும் வருவார். "இப்ப வெளிச்சம் போகும். நான் தான் நிப்பாட்டிறன், வேற ஆளில்லை." அவர் டெனிஸில் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழில்தான் நினைவில் இருக்கிறது.

அந்த இடத்தின் சரித்திரத்தை அவரிடம்தான் கேட்டேன். பத்து மணிக் கோப்பிக்கு அவருடைய இயந்திர அறைக்குப் போவேன். அங்கே சூடு இருக்கும். போர்க்காலத்தில் ஜேர்மன்காரர் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது அதைக் கட்டினார்கள். இருட்டில் வருகிற இங்கிலீஸ்காரரின் விமானங்களை எங்கே மறிப்பது என்று கீழே இருந்து தங்கள் விமானிகளுக்குச் சொல்வதற்காக. சீமெந்து குழைத்தவர்கள் எல்லாம் இந்த ஊர் ஆட்கள், கூலிக்குப் போனவர்கள். மாஸ்ரருடைய தகப்பனும் அதில் ஒருவர். சண்டை முடிந்த பிறகு, எதிரிக்கு வேலை செய்தவன் என்று ஊரில் அவரோடு யாரும் கதைக்கவில்லை. கடையில் அவருடைய முறை வந்தால் கடைக்காரன் உள்ளே போய்விடுவான். அவர் செத்த வீட்டுக்குப் பாதிரியாரும் வீட்டுக்காரரும்தான் வந்தார்களாம். ஆனால் அவர் குழைத்த சீமெந்தை மட்டும் டென்மார்க் அரசாங்கம் வைத்துக்கொண்டது. தகர்க்கப் பார்த்தார்களாம், முடியவில்லை. பிறகு தங்கள் விமானப்படைக்கே எடுத்துக்கொண்டார்கள். கிழக்கே இருந்து ரஷ்யன் வருவான், அணுக்குண்டு போடுவான் என்று பயந்து, வாரக்கணக்காக வெளியே வராமல் கீழேயே இருந்து சண்டையை நடத்துவதற்குச் சாப்பாடும் சவப்பைகளும் அடுக்கி வைத்தார்கள். மாஸ்ரர் சேர்ந்தது அந்தக் காலத்தில். அத்தனை ஆண்டும் காற்றை அளந்து, வடிகட்டியை மாற்றி, இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து வைத்தார். ஒருவனும் வரவில்லை. "இது ஒரு நாளும் வராத விருந்தாளிக்கு ஆயத்தமாய் இருக்கிற வீடு" என்று ஒருநாள் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா சலிப்பாகச் சொன்னாரா தெரியாது. எங்கள் வீட்டுக்கு அந்த விருந்தாளி ஒவ்வொரு நாளும் வந்தவர், எங்களிடம் ஆயத்தமாக ஒன்றும் இருக்கவில்லை என்றேன். அவர் கோப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் பிறந்த சில மாதத்தில் எங்கள் அம்மா கண்ணை மூடிவிட்டார். எனக்கு அப்போது பதினாறு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் உலை வைத்தேன், தண்ணீர் அள்ளினேன். எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது, பிள்ளையும் என்னோடு வரும் என்று சொல்லித்தான் சம்மதித்தேன். என் கணவர் அதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டாலும், காய்ச்சல் வந்தால் அம்மா என்றுதான் அனுங்குவான். நான் பெற்ற ஐந்து பேருக்கும் மூத்தவன் அவன். நாங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது வரமாட்டேன் என்று நின்றுவிட்டான். வன்னியில் காணி வெட்டி, கலியாணம் செய்து, இரண்டு பெண் பிள்ளைகள். மாடுகளை ஆர் பார்ப்பது என்று கேட்டான். மாடு பார்க்கத்தான் நின்றான், வேறு ஒரு காரணமும் இல்லை.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து சண்டை திரும்பத் தொடங்கியபோது, தம்பி வீட்டு வளவுக்குள் ஒரு பங்கர் வெட்டினான். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, உள்ளே சாணம் மெழுகி, பிள்ளைகள் படிக்க ஒரு திட்டும் கட்டியிருக்கிறேன் என்று தொலைபேசியில் கல்வீடு கட்டினவன் மாதிரி வர்ணித்தான். நான் அதை மாஸ்ரரிடம் சொன்னேன். அவருடைய முகம் வேலை முகமாகிவிட்டது. கூரை எவ்வளவு தடிப்பு, எத்தனை பேர் இருப்பார்கள், காற்று எப்படிப் போகும் என்று கேட்டுக் கேட்டு ஒரு காகிதத்தில் கீறினார். கீறி முடித்துவிட்டு, ஒரு வாசல்தானா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் பென்சிலை வைத்துவிட்டார். ஒரு வாசல் போதாது. வாசல் மூடிப்போனால் அது பங்கர் இல்லை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தேவையில்லை. மற்றப் பக்கத்தால் ஆள் தவழக்கூடிய அளவுக்கு ஒரு வழி வெட்டச் சொல் என்றார். அந்தக் கிழமையே தம்பிக்குச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"உங்கட டென்மார்க் பங்கர் வேற அக்கா. இஞ்சை ரெண்டு வாசல் வச்சா மழை ரெண்டு பக்கத்தாலயும் வரும்."

"வரட்டும். நனைஞ்சா துடைக்கலாம். வெட்டு."

"ஆர் உங்களுக்கு உதெல்லாம் சொல்லித்தாறது?"

"இஞ்சை ஒரு மாஸ்ரர் இருக்கிறார்."

"பங்கருக்கும் மாஸ்ரரோ. நல்ல நாடு."

வெட்டினான். பெரிய மகளே முழங்காலில் தவழ்ந்து போய் வந்து பார்த்தாளாம், பாம்பு வராவிட்டால் சரி என்றாளாம். அதை நான் போய்ச் சொன்னபோது மாஸ்ரர் அந்தக் காகிதத்தை எடுத்து மற்ற வாசலையும் கீறினார். அவர் ஆயத்தம் செய்து வைத்ததிலே உண்மையாகவே ஒருவருக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அவருக்கும் பட்டிருக்கும். அன்று முழுக்க விசில் அடித்துக்கொண்டு திரிந்தார்.

அந்த வளவில் அவர்கள் அதிக காலம் இருக்கவில்லை. சண்டை கிட்டக் கிட்ட வர, எழும்பிப் போவதும், போன இடத்தில் பங்கர் வெட்டுவதும், வெட்டி மண் காய முதல் திரும்ப எழும்புவதுமாக அலைந்தார்கள். மாடுகளை முதல் இடத்திலேயே அவிழ்த்து விட்டுவிட்டான். அழைப்பும் குறைந்தது. எங்கேயோ ஒருவரிடம் வானத்தோடு பேசுகிற தொலைபேசி இருக்கும், அதற்கு வரிசையில் நின்று எடுப்பான், என் தொலைபேசியில் ஒரு நீண்ட இலக்கம் விழும். எப்போது வரும் என்று தெரியாது. நானோ என் தொலைபேசியை வாசலில் உள்ள மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கவேண்டும். அது எல்லாருக்கும் உள்ள சட்டம், பெரிய அதிகாரியும் வைத்துவிட்டுத்தான் வருவார். கீழே நின்று துடைக்கும்போது மேலே அது அடிக்கிற மாதிரியே இருக்கும். அந்தத் தடித்த சுவருக்குள்ளே எந்தச் சத்தமும் வராது, அதுவும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்த நிலையத்தின் நடு அறைக்குள் துப்புரவுக்கு என்னை விடமாட்டார்கள். ஆனால் உள்ளே திரைகள் இருப்பதும், பறக்கிற விமானம் எல்லாம் அதில் தெரிவதும் எல்லாரும் அறிந்ததுதான். பொம்மர் கிளம்புவது அங்கே தெரியுமென்றால், கிளம்பினவுடன் ஒரு ஆள் எனக்குச் சொன்னால், நான் அந்த நீண்ட இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம். பங்கருக்குள் இறங்க அந்த நேரம் போதும். இந்த எண்ணம் என் மண்டைக்குள் வந்து பல கிழமை இருந்தது. எங்களைப் போல மேலே பார்த்துப் பார்த்தே வாழ்ந்த சனத்துக்குத்தான் இப்படி ஒரு நினைப்பு வரும், வானம் ஒன்றுதானே என்று. ஒரு காலை துணியை வாளிக்குள் போட்டுவிட்டுப் போய்க் கேட்டேன்.

மாஸ்ரர் சிரிக்கவில்லை. கதவுகளின் திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு என்னை ஒரு பழைய அறைக்குக் கூட்டிப்போனார். கணினி வந்த பிறகு அந்த அறையை யாரும் பாவிப்பதில்லை. அங்கே ஆள் உயரத்துக்கு மேலான ஒரு கண்ணாடி நின்றது, அதில் நாடுகளின் கரை கீறியிருந்தது. முன்னொரு காலத்தில் பெண்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, முன்னால் இருக்கிற அதிகாரிகளுக்கு நேராகத் தெரியும்படி இடம் வலம் மாற்றி எழுதுவார்களாம், எங்கே எந்த விமானம் என்று. கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு மஞ்சள் மெழுகுப் பென்சில் இன்னும் கிடந்தது. இது டென்மார்க், இது சுவீடன், இது போலந்து என்று காட்டினார். போலந்து முடிய கண்ணாடியும் முடிந்தது. எங்கள் நாடு எங்கே என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். கண்ணாடியில் கீறிய படத்தை நீட்டிக்கொண்டு போகிற மாதிரி வாய்க்குள் தூரம் கணக்குப் பார்த்துக்கொண்டு, காலடி வைத்து வைத்து, மருந்தறை தாண்டி, படுக்கை அறை தாண்டி, வளைவு தாண்டி, வெளிச்சம் குறைந்த மூலைக்கு வந்து நின்றார். உண்மையில் உன்னுடைய ஊர் இந்தத் தரைக்கும் கீழே வரவேண்டும், அங்கே எழுத இடமில்லை என்று சொல்லி, வலிக்கிற முழங்காலை மெதுவாக மடக்கிக் குந்தி, சுவரில் ஒரு புள்ளடி போட்டார்.

"இஞ்சை. எங்கட கண் அந்தக் கண்ணாடியோட முடிஞ்சு போகுது. இதுக்கு இடையிலை இருக்கிற ஒண்டும் எங்களுக்குத் தெரியாது."

"தெரிஞ்சாலும் நீங்கள் பாக்கமாட்டியள்" என்றேன்.

 அவர் குந்தியபடியே சொன்னார்: "ஓம். அனேகமாய்ப் பாக்கமாட்டம்."

பொய் சொல்லியிருந்தால் நான் அவரை மறந்திருப்பேன். அந்த நாட்களில் எனக்கு எல்லாரும் ஏதோ ஒரு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் சொன்னார்கள், கோப்பன்ஹேகன் ஊர்வலத்தில் கொடி பிடித்துவிட்டு வந்த என் பிள்ளைகள் சொன்னார்கள், உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று. உலகம் எங்கே இருந்து பார்க்கும் என்பதை நான் துடைக்கிற இடத்திலேயே கண்டுவிட்டேன். கண்ணாடி போலந்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஆறுதலையும் நான் காதில் வாங்கவில்லை.

கடைசியாகத் தம்பியோடு கதைத்தபோது கடற்கரைப் பக்கம் வந்துவிட்டார்கள். வெறும் மணல். மரக்குற்றி இல்லை, சாக்கு இல்லை. சீலைகளைப் பையாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்குகிறோம் என்றான். அவன் மனைவி, என் மச்சாள், தன் கலியாணக் கூறைச் சீலையையும் கொடுத்துவிட்டாளாம். நான் என்ன கேட்பது என்று தெரியாமல், மற்ற வாசல் வைத்தாயா என்று கேட்டேன்.  

"மணலிலை வாசல் நிக்காதக்கா. மாஸ்ரருக்குச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். மாஸ்ரர் அந்தக் காகிதம் வைத்திருந்த மேசை லாச்சியைத் திறந்தார், எடுக்காமல் மூடினார். மணலுக்கு என்ன செய்யலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து மேலே வந்து மரப்பெட்டியைத் திறந்தபோது, அந்த நீண்ட இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்து நின்றிருந்தது. திருப்பி எடுத்தேன். ஒரு பெண் இங்கிலீசில் ஏதோ சொன்னாள். வாசலில் நின்ற காவல்காரப் பொடியனிடம் காதில் வைத்துக் கேட்கச் சொன்னேன், இந்த இலக்கம் இப்போது கிடைக்காது என்கிறாள் என்றான். எடுத்தது தம்பிதானா, அல்லது வரிசையில் நின்ற வேறு யாருமா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அந்த இலக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. சண்டை முடிந்தது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். உறவுக்காரர் முகாம் முகாமாகப் போய்ப் பார்த்தார்கள், ஆசுபத்திரிகளில் பார்த்தார்கள். நான்கு பேரில் ஒருவரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. கண்டேன் என்று சொல்லவும் ஆள் இல்லை, செத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஆள் இல்லை.

அந்த நாட்களில் மாஸ்ரர் ஒவ்வொரு காலையும் பெருவிரலையும் சின்னவிரலையும் நீட்டிக் காதடியில் வைத்து, அழைப்பு வந்ததா என்று சைகையால் கேட்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். பிறகு ஒருநாள் கேட்காமல் விட்டார். எந்த நாள் என்று நான் கவனிக்கவில்லை. ஆனால் புள்ளடி இருக்கிற மூலையில் நெடுநாளாக எரியாமல் கிடந்த மின்விளக்கை மாற்றியிருந்தார். அந்தப் பக்கம் என்னைத் தவிர யாரும் போவதில்லை, மாற்றத் தேவையில்லை என்று முந்தி அவரேதான் சொன்னவர். அதற்கு மேல் அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. எனக்கும் துணியை நிறுத்தி, சுற்றி ஒற்றி எடுப்பதைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

சில வருடத்தில் கட்டளை வேலையெல்லாம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. இப்போது அதற்கு அவ்வளவு தடித்த சுவர் தேவையில்லையாம். கடைசி நாள் மாஸ்ரர் என்னைத் தேடி வந்தார். விசிறியை நிரந்தரமாக நிறுத்தப் போகிறேன் என்றார், வழமை போல, நான்தான் நிறுத்துகிறேன், வேறு ஆளில்லை என்று. நின்றபோது எழுந்த அமைதியில் என் மூச்சு எனக்கே கேட்டது. அவர் அந்தப் புள்ளடியைக் காட்டி, இதைத் துடைத்துவிடட்டுமா என்று கேட்டார். "துடைக்கிறது என்ர வேலை. அதிலை நீங்கள் கை வைக்கவேண்டாம்" என்றேன். சரி என்று வாளியை மட்டும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினார். இரண்டு பனிக்காலம் போக அவர் இறந்துவிட்டார். என் மகன் பேப்பரில் பார்த்துச் சொன்னான். தேவாலயத்துக்குப் போனேன். முன்வரிசையில் அவருடைய தங்கையும் சில பழைய படைக்காரரும். தகப்பனுடைய செத்த வீட்டை விடக் கொஞ்சம் கூட்டம், அவ்வளவுதான்.

சென்ற கோடையில் அந்த நிலையத்தைப் பொதுமக்கள் பார்க்க ஒருநாள் திறந்து வைத்தார்கள். பேத்திதான் கூட்டிப்போனாள். கைத்தடி வேண்டாம் என்று அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒரு இளம் படைக்காரன் சரித்திரம் சொன்னான். சுவரின் தடிப்பு, ஜேர்மன்காரர், ரஷ்யப் பயம், கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெண்கள், எல்லாம் சரியாகச் சொன்னான். சீமெந்து குழைத்தவர்களை மட்டும் சொல்லவில்லை. நடைவழி முடிவுக்கு வந்தபோது ஒரு சின்னப் பிள்ளை சுவரைக் காட்டி, அது என்ன என்று கேட்டது. மங்கிப்போய், தூசி படிந்து, ஆனால் அதே இடத்தில் இருந்தது. பழைய காலத்தில் உள்ளே தண்ணீர்க்குழாய் போகிற இடத்தைக் காட்ட வைத்த அடையாளம் என்று அவன் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார். நான் குனிந்து அதற்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனேன். தயவுசெய்து சுவரைத் தொடவேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னான். நல்ல பொடியன். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

காரில் வரும்போது பேத்தி, ஏன் அழுகிறாய் என்று டெனிஸில் கேட்டாள். அழவில்லை, கண் அப்படித்தான் என்றேன். வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன். அவள் கோபப்பட்டாள். உடனே கடிதம் எழுதுவோம், உண்மையைச் சொல்லுவோம் என்றாள். வேண்டாம் என்றேன். குழாய் என்று நினைத்துக்கொண்டு இருக்கும் வரைக்கும் அது சரித்திரம், ஒருவரும் கைவைக்கமாட்டார்கள். துப்புரவுக்காரி ஒருத்திக்காகப் போட்டது என்று தெரிந்தால், வேறு ஒரு துப்புரவுக்காரி வந்து ஒரு இழுப்பில் எடுத்துவிடுவாள். அவளுடைய வேலை அது, அவளில் பிழை இல்லை. தமிழில் எழுது, அவர்கள் வாசிக்கப்போவதில்லை என்றேன். அதனால்தான் இது.

என் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்கள், மாமாவுடைய படத்துக்கு ஒரு மாலை போடுவோம், ஒரு நாளைக் குறித்துத் திவசம் கொடுப்போம் என்று. எந்தத் திதியில் கொடுப்பது? ஐயரும், ஏதோ ஒரு அமாவாசையில் கொடுக்கலாம் என்கிறார். அவன் உயிரோடு இருக்கிறான் என்று நான் நம்பவில்லை. எனக்கு அந்தப் பயித்தியம் இல்லை. மணலில் வாசல் நிற்காது என்று அவனே சொல்லிவிட்டான். ஆனால் ஆர் எத்தனை பிள்ளை என்று கேட்டாலும், என் வாய் துணி நிற்கிற மாதிரி அந்த இடத்தில் நின்று, அவனைத் துடைக்காமல் சுற்றிக்கொண்டு போய் ஆறு என்கிறது. என் பிள்ளைகள் எல்லாரும் ஐந்து என்றுதான் சொல்கிறார்கள். இதை எழுதுகிற இவளுடைய தாயும் அப்படித்தான். ஐந்து என்று கேட்டே வளர்ந்த பிள்ளை இது.

போதும் பிள்ளை, கையை எடு. முதலிலை இருந்து வாசி. ஆறு பேர் எண்டு போட்டனியோ, ஐஞ்சு பேர் எண்டு போட்டனியோ, அதைக் கேக்கவேணும்.